ஐந்தாவது பெயர்

ஜூன் 14, வெள்ளி

முதல்வர் மேடம், முதலில் மன்னிக்க வேண்டும். மற்ற ஆசிரியர்கள் இந்தக் குறிப்பேட்டை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். எனக்கு ஆங்கிலம் வராது என்பதில்லை. எழுதினால் நான் எழுதியது போல இருக்காது. தமிழில் எழுதலாமா என்று கேட்க உங்கள் அறை வாசல்வரை இரண்டு முறை வந்து திரும்பிவிட்டேன். எழுதும் அளவுக்கு என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதற்கும் சேர்த்து மன்னிக்கவும்.

அட்டையில் 'ஆசிரியர் பணிப் பொறுப்பும் வளர்ச்சியும்' என்று அச்சிட்டிருக்கிறது. வெள்ளிதோறும் உங்கள் மேசையில் வைக்க வேண்டும், திங்களன்று கையெழுத்தோடு திரும்ப வரும் என்றீர்கள்.

பெயர் மாதேஸ்வரி. வயது இருபத்து நான்கு. பி.ஏ. தமிழ், பி.எட். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஜனவரியில் சேர்ந்தேன், வருகிற ஜனவரியில் ஓராண்டு நிறைந்ததும் நிரந்தரம் செய்வதாக அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு இரண்டு பிரிவுகளுக்கும் தமிழ் எடுக்கிறேன்.

இந்த வாரம்: பாடக்குறிப்பு எழுதி முடித்தேன். எழுபத்தெட்டுப் பாடநூல்களுக்கு அட்டை போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். கற்றது: கரும்பலகையில் மேலிருந்து எழுதத் தொடங்கினால் கடைசி பெஞ்சுக்கும் தெரிகிறது.

ஜூன் 21, வெள்ளி

தாளாளர் ஐயாவின் மாமனார் காலமானார். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு நான்கு வரி வேண்டும் என்று நிர்வாக அலுவலர் நடேசன் சார் முதல் பீரியடிலேயே ஆள் அனுப்பினார். எழுதிக் கொடுத்தேன். "இன்னும் கொஞ்சம் அழுவாச்சியா வேணும் தமிழ் மேடம்" என்றார். மறுபடி எழுதினேன். அதற்குள் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவின் தமிழ் பீரியடை இயற்பியல் சார் எடுத்துக்கொண்டார்.

'பி' பிரிவில் மூன்றாவது பெஞ்சில் தேவிஸ்ரீ என்று ஒரு பெண். நான் சொல்லாத இடத்திலும் குறிப்பெடுக்கிறாள். 'மழைக்கு ஒதுங்கிய நாள்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். மற்றவர்கள் வழிகாட்டி நூலில் இருந்த முன்னுரையை எழுதினார்கள். இவள், மழை பெய்தால் தெருவில் எல்லாத் தறிகளும் நிற்கும், அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசுவது கேட்கும் என்று எழுதியிருந்தாள். முடிவுரை எழுதவில்லை. பத்துக்கு ஏழு போட்டேன். எட்டு போட்டிருக்கலாம்.

ஜூலை 12, வெள்ளி

கற்றது: மாணவர்கள் ஆசிரியரின் சொந்த விஷயங்களைப் பேச இடம் கொடுக்கக் கூடாது. புதன்கிழமை ஒரு மாணவி ஆசிரியர் அறையில் தேவையில்லாததைப் பேசினாள். கண்டித்து அனுப்பினேன்.

ஜூலை 26, வெள்ளி

மேடம், மூன்று நாளாகக் காய்ச்சல். நேரில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. திங்கள், செவ்வாய் இரண்டு நாள் விடுப்புத் தர வேண்டுகிறேன்.

ஜூலை 29, திங்கள்

விடுப்பு பற்றித் தகவல் வராததால் காய்ச்சலோடு வந்தேன். குறிப்பேடு திரும்பி வந்தது. விடுப்பு கேட்ட பக்கத்தின் கீழே சிவப்பு மையில் 'வெரி குட், கீப் இட் அப்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

கணக்கு ஆசிரியை பரிமளா மேடத்திடம் காட்டினேன். அவர் வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"நம்ம பிரின்சிபால் ஆலிஸ் மேடம் கோட்டயத்துக்காரங்க, மாதேஸ்வரி. தமிழ் பேசுவாங்க, படிக்க வராது. இது தெரியாமயா ஒன்றரை மாசமா முத்து முத்தா எழுதிட்டிருந்த?"

"ஆபீசுல யாராவது படிப்பாங்களே மேடம்?"

"அங்க கண்ணீர் அஞ்சலி மட்டுந்தான் படிப்பாங்க."

ஆகஸ்ட் 2, வெள்ளி

நோட்டுகளை ஆயாம்மா கட்டாகக் கொண்டு போகிறார், கட்டாகக் கொண்டு வருகிறார். நடுவில் கையெழுத்துப் போட அல்லாமல் யாரும் பிரிப்பதில்லை. ஏழு வாரமாக யாரோ படிக்கிறார்கள் என்று நினைத்து வார்த்தைகளைப் பொறுக்கிப் போட்டிருக்கிறேன். இனி அந்தச் சிரமம் இல்லை.

ஜூலை 12 பக்கத்தில் சொன்ன புதன்கிழமை நடந்தது இதுதான். மதிய இடைவேளை. ஆசிரியர் அறையில் எட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தேவிஸ்ரீ கட்டுரை நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"மிஸ், ஞாயித்துக்கெழம எங்க மாமா கல்யாணத்துல உங்க அம்மாவப் பாத்தேன்!"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"எல எடுத்துட்டு இருந்தாங்க மிஸ். எந்த ஸ்கூலு கண்ணுன்னு கேட்டாங்க. நான் சொன்னதும், எம் பொண்ணும் அங்கதான் தமிழ் டீச்சருன்னு சொன்னாங்க. கையக் கழுவிட்டு வந்து என் கன்னத்தத் தொட்டாங்க. எனக்கு மட்டும் ரெண்டு ஜாங்கிரி எடுத்துக் குடுத்தாங்க மிஸ்!"

வேதியியல் மேடம், "எந்த மண்டபம்?" என்று கேட்டார். தேவிஸ்ரீ மண்டபத்தின் பெயரைச் சொன்னாள். பரிமளா மேடம் தன் டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளி, "இந்தப் பொரியலத் தொட்டுக்க" என்றார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அம்மா வீட்டில்தான் இருக்கிறார் என்று ஜனவரியிலேயே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். யாரும் கேட்காமலே சொன்னேன்.

"நோட்ட வச்சாச்சுல்ல? போ" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "சரிங் மிஸ்" என்று போனாள்.

அதற்குப் பிறகு அவளிடம் நான் கோபமாக இல்லை. இதை எழுதி வைக்கிறேன். கோபமாக இல்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

சுதந்திர தின விழாத் தொகுப்புரை, ஆண்டு மலருக்குத் தாளாளர் பற்றிய வாழ்த்துப்பா, உடற்கல்வி சாரின் தங்கை கல்யாணப் பத்திரிகைக்கு நான்கு வரி. இவற்றுக்கு நடுவில் செய்யுள் நடத்தினேன்.

தேவிஸ்ரீ முதல் பீரியடில் தூங்குகிறாள். இன்று தலை பெஞ்சில் இடித்தது. வகுப்பே சிரித்தது. இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். பி.எட். படிப்பில் சொல்லிக் கொடுத்தது போல, மிரட்டாமல், அவள் உயரத்துக்கு உட்கார்ந்து கேட்டேன். முதலில் சொல்லவில்லை. நான் விடவில்லை.

"காத்தால நாலரைக்கு எந்திரிப்பேன் மிஸ். ஏழு மணி வரைக்கும் தார் சுத்தணும். அப்பாவுக்கு ரெண்டு தறி. அப்போ சுத்தி வச்சாத்தான் அவங்க பகல்ல ஓட்ட முடியும்." பாவுக்குக் குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் கட்டைகளில் சுற்றுவதைத்தான் தார் சுற்றுவது என்கிறார்கள்.

"தெனமுமா?"

"கரண்டு இல்லாத அன்னிக்கு இல்ல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லிறாதீங்க மிஸ். அப்பா வையும். எங்க தெருவுல எல்லாரும்தான் சுத்தறாங்க. ஆனா வெளிய சொல்லக் கூடாதுன்னு இருக்குது."

"நான் யாருகிட்டச் சொல்லப் போறேன்?" என்றேன்.

மாணவரின் குடும்பச் சூழலை அறிவது ஆசிரியரின் முதல் பொறுப்பு. இன்று அதைச் செய்தேன். மனநிறைவாக இருந்தது.

ஆகஸ்ட் 26, திங்கள்

போன பக்கத்தின் கீழே 'எக்ஸலண்ட்'.

செப்டம்பர் 27, வெள்ளி

காலாண்டுத் தேர்வு முடிந்தது. விடைத்தாள் கட்டு இரண்டு. விடுமுறையில் திருத்த வேண்டும். ஞாயிறு அம்மாவுக்கு மண்டப வேலை இருந்தது, நான் சமைத்தேன்.

அக்டோபர் 7, திங்கள்

பள்ளி திறந்தது. மதிப்பெண் பதிவேட்டில் ஏற்றினேன். தமிழில் முப்பத்தைந்துக்குக் கீழே மொத்தம் நான்கு பேர். நான்கும் பையன்கள்.

அக்டோபர் 9, புதன்

நடேசன் சார் ஒரு படிவம் கொடுத்தார். 'சிறப்புக் கவனம் தேவைப்படும் மாணவர்கள்' என்று தலைப்பு. பாட வாரியாக ஐந்து பேர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறிப்பு எழுத இடம். மாலை வகுப்பு வைக்கவோ என்னவோ என்று நினைத்தேன்.

ஐந்து பெயர்களைக் கொடுத்தேன். குறிப்புகளைக் கவனமாக எழுதினேன். ஒரு பையன் எந்த எழுத்தில் தடுமாறுகிறான், இன்னொருவன் யார் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுதுகிறான் என்பதுவரை எழுதினேன். நடேசன் சார் நின்றபடியே படித்தார்.

"இப்பிடி யாருமே எழுதித் தரலைங்க மேடம். மத்தவங்க 'வீக்கு'ன்னு ஒரு வார்த்தையோட விட்டுடறாங்க. நீங்க புள்ளைகளப் படிச்சிருக்கீங்க. ஐயாகிட்ட சொல்றேன்."

ஒன்பது மாதத்தில் இந்தப் பள்ளியில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது.

அக்டோபர் 18, வெள்ளி

தேவிஸ்ரீ இரண்டு நாளாக வரவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் 'டி.சி.' என்று எழுதி வெள்ளிக்கிழமைத் தேதி போட்டிருக்கிறது.

அவள் பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம் கேட்டேன். "அவங்கப்பா வந்து அழுதாரு மிஸ்" என்றாள். "எங்க?" "ஆபீசுல. நாங்க பி.டி. பீரியடுல பாத்தோம்."

அக்டோபர் 22, செவ்வாய்

நடேசன் சாரிடம் போனேன். என்ன கேட்க வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். அவர் தீபாவளி இனிப்புப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"தேவிஸ்ரீ ஏன் சார் போயிட்டா?"

"அவங்கப்பாவே எழுதிக் குடுத்துட்டாருங்க. சொந்த விருப்பம். தனித்தேர்வரா எழுதிக்குவாளாம்."

"லிஸ்டு ஸ்பெஷல் கிளாசுக்குத்தானே சார் கேட்டீங்க?"

அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தமிழ் மேடம், ஆறு வருசமா நூத்துக்கு நூறு ரிசல்ட்டு. அது எப்பிடி வருதுன்னு நெனச்சீங்க? உங்க லிஸ்டுல இருந்த அஞ்சு பேரோட அப்பாவையும் கூப்ட்டோம். நாலு பேரு சட்டம் பேசறாங்க. ஒருத்தர் வார்டு கவுன்சிலரக் கூட்டிட்டு வர்றாரு. இந்த மனுசன் மட்டுந்தான் சொன்னாக் கேட்டாரு. அதுவும் உங்க புண்ணியத்துல."

"என் புண்ணியமா?"

"நீங்கதான எழுதியிருக்கீங்க, புள்ள காத்தால தார் சுத்துதுன்னு. அந்தத் தாளக் காமிச்சேன். இது லேபர் ஆபீசுக்குப் போச்சுன்னா உங்க தறிக்கு என்ன ஆகும்னு கேட்டேன். வேற ஒன்னும் சொல்லலைங்க. கையெழுத்துப் போட்டுட்டாரு."

என் குறிப்பு இதுதான். எனக்கு மனப்பாடம்: 'காலை நாலரை முதல் ஏழு வரை வீட்டுத் தறிகளுக்குத் தார் சுற்றுகிறாள். எனவே வகுப்பில் உறங்குகிறாள். தொடங்கியதை முடிப்பதில்லை.'

மூன்று வரிதான்.

அக்டோபர் 23, புதன்

தமிழில் தவறிய நான்கு பேரும் இன்று வகுப்பில் இருந்தார்கள். ஒருவன் கேட்காமலே எனக்கு வாட்டர் பாட்டில் நிரப்பிக்கொண்டு வந்தான்.

காலாண்டில் தேவிஸ்ரீயின் மதிப்பெண் ஐம்பத்தொன்பது.

இதை 9ஆம் தேதியே எழுதியிருக்க வேண்டும். படிவத்தில் ஐந்து கட்டம் இருந்தது. என்னிடம் நான்கு பேர்தான் இருந்தார்கள். "நாலுதான் சார் இருக்கு" என்று சொன்னேன். "கட்டத்தக் காலியா விட்டா ஐயா என்னத்தான் கேப்பாரு. யாரையாச்சும் போடுங்க மேடம், பார்டர்ல ஒன்னு இல்லாமயா போகும்?" என்றார். பார்டரில் முப்பத்தாறு எடுத்தவன் இருந்தான். முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்திரண்டு எல்லாம் இருந்தன.

பேனாவை எடுத்தேன். பிறகு அவள் பெயரை எழுதினேன். அவளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரிந்திருந்தது, குறிப்பு எழுதச் சுலபம், அதனால்தான்.

அக்டோபர் 25, வெள்ளி

ஐந்து பாட ஆசிரியர்களில் பரிமளா மேடம் மட்டும் படிவத்தில் ஐந்து கட்டத்தையும் கோடிட்டு அடித்துக் கொடுத்தாராம். அவர் பாடத்தில் பதினோரு பேர் தவறியிருந்தார்கள். "எல்லாம் பாஸாயிரும் சார், பொறுப்பு என்னுது" என்றாராம். இன்று அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. நாற்காலி இல்லாமல் இல்லை.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளி முடிந்து தறிகள் ஓடத் தொடங்கிவிட்டன. தேவிஸ்ரீயின் வீட்டுக்குப் போனேன். டவுன் பஸ்ஸில் நாற்பது நிமிடம். தெருவுக்குள் நுழைந்ததும் என் காலடிச் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அவளுடைய அப்பா அர்த்தனாரி என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்தினார். இரண்டாவது தறியையும் நிறுத்தினார். மெலிந்த மனிதர். பனியனில் நூல் துணுக்குகள்.

"வாங்க டீச்சர். ஒக்காருங்க." ஒரு நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். "இன்னும் ஏதாச்சும் கையெழுத்து வேணுங்களா?"

"இல்லைங்க. தேவிஸ்ரீ மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கு வரணும். பதினஞ்சாம் தேதி வரைக்கும் பரீட்சைப் பெயர்ப்பட்டியல்ல சேக்கலாம். நீங்க வந்து ஒரு வார்த்த கேட்டீங்கன்னா..."

"நானுங்களா?" அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "அந்தச் சீட்டு அங்க இருக்குற வரைக்கும் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றதுங்க? உங்க எழுத்தத்தான் காமிச்சாங்க. அச்சடிச்ச மாதிரி எழுதியிருந்தீங்க. படிக்காத எனக்கே மூனே வரியில புரிஞ்சுபோச்சு. நாளைக்கு ஒரு ஆபீசர் வந்து தறியப் பூட்டிட்டான்னா, இந்தத் தெருவுல நாலு ஊட்டுப் பொழப்புங்க. எங்கண்ணன் ஊட்டுப் புள்ளையும்தான் சுத்துது."

"நான் அதுக்காக எழுதலைங்க."

"எதுக்காக எழுதுனீங்க?"

எனக்குப் பதில் இருந்தது. சொல்லவில்லை.

அவர் தொடர்ந்தார். "புள்ள ஊட்டுக்கு வந்து மொதல்ல உங்களப் பத்தித்தான் பேசும். எங்க மிஸ் இப்பிடி, எங்க மிஸ் அப்பிடின்னு. அதுதான் சொல்லியிருக்கும். நான் அத ஒன்னும் வையல. வெவரமில்லாத புள்ள. நீங்க வெவரமானவங்க."

உள்ளறையில் ராட்டை சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவளைக் கூப்பிட்டார். வந்து நிலைப்படியில் நின்றாள். நகத்தில் சாயம். என்னை நேராகப் பார்க்கவில்லை. திட்டுவாள், அல்லது அழுவாள் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன்.

"அம்மா நல்லா இருக்காங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

"இருக்காங்க."

"கேட்டேன்னு சொல்லுங்க."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

வாசல்வரை வந்த அர்த்தனாரி, "அந்தச் சீட்டு என் கைக்கு வந்துச்சுன்னா அனுப்பறேன் டீச்சர்" என்றார். "இல்லீன்னா அது தனியா எழுதிப் பாஸ் பண்ணட்டும். பண்ணலீன்னா அது தலையெழுத்து." நான் தெருமுனை திரும்பும்வரை தறியை ஓட்டவில்லை. மரியாதைக்காக இருக்கலாம்.

வீட்டில் அம்மாவிடம், தேவிஸ்ரீ என்றொரு பெண் உன்னைக் கேட்டாள் என்றேன். "ஜாங்கிரிப் புள்ளையா?" என்று அம்மா சிரித்தார். "நல்லாப் படிக்குதா?"

"படிக்குது" என்றேன்.

நவம்பர் 5, செவ்வாய்

நடேசன் சாரிடம் அந்தத் தாளைக் கேட்டேன்.

"எதுக்குங்க?"

"நான் எழுதினது தப்பு சார். அடிச்சுட்டு வேற எழுதித் தர்றேன்."

"எது தப்பு? புள்ள தார் சுத்தலையா?"

"சுத்தறா."

"அப்பறம் என்னங்க தப்பு?" அவர் உண்மையாகவே புரியாமல் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஜனவரி வருது. உங்க கன்பர்மேசன் பைல் என் டேபிள்லதான் இருக்குது. ஐயாவுக்கு உங்க மேல நல்ல அபிப்பிராயம். கெடுத்துக்காதீங்க. ஆண்டு விழா வரவேற்புரை ரெடியா?"

"நாளைக்குத் தர்றேன் சார்" என்றேன். அதுதான் என் வாயிலிருந்து வந்தது.

நவம்பர் 8, வெள்ளி

பரிமளா மேடம் கைகழுவும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நானே போய்ப் பேசினேன். அவள் வீட்டுக்குப் போனதைச் சொன்னேன்.

"போயிட்டு வந்தா ஆச்சா?" என்றார். "நான் உங்கிட்டச் சொல்லல?"

சொன்னார். அக்டோபர் 8, படிவம் வருவதற்கு முதல் நாள், இதே இடத்தில் வைத்துச் சொன்னார். "நாளைக்கு ஒரு லிஸ்டு கேப்பாங்க. அதுல போன புள்ளைங்க ஒன்னுகூடத் திரும்பி வந்ததில்ல. பேரக் குடுத்துறாத." நான் தலையை ஆட்டினேன். மறுநாள், மாலை வகுப்பு வைக்கவோ என்னவோ என்று நினைத்ததாக இந்த நோட்டில் எழுதினேன். யாரும் படிக்காத நோட்டில்கூட அப்படித்தான் எழுதினேன்.

பிறகு ஆலிஸ் மேடத்தின் அறைக்குப் போனேன். இந்த முறை உள்ளேயே போய்விட்டேன்.

"எந்தா மாதேஸ்வரி? லீவு வேணோ?"

"இல்ல மேடம்."

"உங்க நோட்டு பாக்கான் நல்லதா கேட்டோ. எழுத்து எந்து அழகு! ஞான் பேஜ் பேஜா நோக்கும்." அவர் முகத்தில் உண்மையான அன்பு இருந்தது. "என்ன விசயம்? பறயு."

"ஒன்னுமில்ல மேடம். வரவேற்புரை குடுக்க வந்தேன்" என்றேன். கையில் வரவேற்புரை இல்லை. அதை அவரும் கவனித்திருப்பார்.

நவம்பர் 10, ஞாயிறு

மேடம்,

நாளை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் உங்கள் அறைக்கு வருவேன். இந்தப் பக்கத்தை உங்கள் முன் நின்று படிப்பேன். படித்தால் உங்களுக்குப் புரியும். எனக்குப் பேச வராது, எழுதியதைப் படிக்க வரும். நடுவில் உட்காரச் சொல்ல வேண்டாம், உட்கார்ந்தால் நிறுத்திவிடுவேன்.

பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு தேவிஸ்ரீ சொந்த விருப்பத்தால் போகவில்லை. நான் எழுதிக் கொடுத்த குறிப்பைக் காட்டி, அவள் அப்பாவை அலுவலகத்தில் பயமுறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள். தமிழில் அவள் தவறவில்லை, ஐம்பத்தொன்பது எடுத்திருக்கிறாள். விடைத்தாள் என் அலமாரியில் இருக்கிறது, கையோடு கொண்டுவருகிறேன். வேறு பாடம் எதிலும் அவள் தவறவில்லை. மதிப்பெண் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

நடேசன் சார் கேட்ட ஐந்து பேர் பட்டியலில் போகும் பிள்ளைகள் திரும்பி வரமாட்டார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் அவள் பெயரை எழுதினேன். குறிப்பு எழுதச் சுலபம் என்பதால் எழுதினேன் என்று இந்த நோட்டில் ஓரிடத்தில் இருக்கிறது. அது பொய். என் அம்மா கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுக்கிறார். தேவிஸ்ரீ அதை ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். கேலியாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கு அவள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் போல இருந்தது. ஜூலையிலிருந்து அப்படித்தான் இருந்தது. கட்டம் காலியாக இருந்தபோது வேறு யார் பெயரும் என் நினைவுக்கு வரவில்லை.

அவள் தறி வேலையைப் பற்றி யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அதை எழுதியது எந்தப் பொறுப்பிலும் சேராது.

இதற்குப் பதிலாக நான் வேலையை விட்டுப் போகிறேன் என்று மேலே ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். அது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எனக்கு இந்த வேலை வேண்டும். என் வீட்டில் ஒரு மாதச் சம்பளம் என்று வருவது இது ஒன்றுதான். நீங்கள் போகச் சொன்னால் போகத்தான் வேண்டும். நானாகப் போகமாட்டேன். இருந்துகொண்டேதான் கேட்கிறேன்.

நடேசன் சாரைக் கூப்பிட்டு அந்தத் தாளை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள். நகல் எடுக்காமல் கொடுக்கச் சொல்லுங்கள். நாளை மாலை பஸ்ஸிலேயே கொண்டுபோய் அவள் அப்பா கையில் கொடுத்துவிடுகிறேன். அவர் கிழித்துப் போடட்டும். பரீட்சைப் பெயர்ப்பட்டியல் வெள்ளிக்கிழமை மூடுகிறது. அவள் பெயரை அதில் சேர்க்கும் அதிகாரம் உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது.

தேவிஸ்ரீயைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம்.